நெல்லைக் காற்றில் 3 கிலோவாட் கூரை சோலார்: பேனலைப் பார்க்காதீர்கள், அதைத் தாங்கும் காலைப் பாருங்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பை, தென்காசி என்று எங்கே விசாரித்தாலும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே பேக்கேஜ்தான். 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் ஆன்-கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடும்) இன்வெர்ட்டர் ஒன்று, கால் நட்டுத் தூக்கிய இரும்புக் கட்டுமானம், டிசி பெட்டி, ஏசி பெட்டி, எர்த் குழி மூன்று, இடிதாங்கி, நெட் மீட்டர் (நீங்கள் லைனுக்குத் தரும் யூனிட்டைக் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) வேலை. கொட்டேஷன் பெரும்பாலும் 1.80 லட்சத்தில் இருந்து 2.20 லட்சத்துக்குள் நிற்கும். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும்.

மார்க் போடச் சொன்னால் பேனலுக்குப் பத்துக்கு 9, இன்வெர்ட்டருக்கு 8, கட்டுமானத்துக்கு 5, எர்த்திங்குக்கு 4. கொட்டேஷனில் பேனலுக்கு அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள். கட்டுமானத்துக்கு 'ஜிஐ ஸ்ட்ரக்சர்' (துத்தநாக முலாம் பூசிய இரும்புச் சட்டம்) என்று ஒரே வரி. பிரச்சினை எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

"அண்ணாச்சி, டயர்-ஒன் பேனல், கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்பார் விற்க வருகிறவர். வாங்கலாம்தான், அதில் பொய் இல்லை. மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்று கேட்டு வாங்க வேண்டும். இதற்காக வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே செல்லும் பேனலும் செய்யும் டாடா பவரின் 4.3 கிகாவாட் ஆலை 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டுவிட்டது. எந்தப் பெயர் போட்ட பேனலாக இருந்தாலும், மாட்டுவதற்கு முன் ஆறின் பின்புறமும் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து பில்லோடு ஒத்துப் பாருங்கள். மேலே ஏற்றிய பிறகு எட்டாது. பேனல் விஷயம் அவ்வளவுதான்.

இனி கட்டுமானம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாடிகள் நிற்கின்றன. அதே காற்றுதான் வைகாசியில் தொடங்கி ஆவணி வரை உங்கள் தட்டட்டியிலும், அதாவது மொட்டை மாடியிலும், அடிக்கிறது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும் என்கிற ஊரில், ஆறு பேனல் என்ன எடை இருந்துவிடப் போகிறது? ஒன்று 28 கிலோ என்றால் ஆறும் சேர்ந்து 168. இரும்பையும் சேர்த்தால் 300 கிலோ. ஒரு பேனல் சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். ஆறுக்கும் சேர்த்துப் பரப்பு 15.5 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ அழுத்தம் கொடுக்கும். அது முழுவதும் அடியில் புகுந்து மேலே தள்ளினால் 730 கிலோ. 300 கிலோ சாமானை 730 கிலோ தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதியைப் பிடித்து நிறுத்த வேண்டியது காலுக்கு அடியில் போடும் கான்கிரீட் கட்டை. ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி கட்டை சுமார் 65 கிலோ வரும். நாலு கால் என்றால் 260 கிலோ, கணக்கு இடிக்கிறது. ஆறு கால் என்றால் 390. மொத்தம் 690, அப்போதும் இழுபறிதான். அதனால் கட்டையை வெறுமனே தளத்தில் வைத்தால் போதாது, தளத்தோடு பிடிக்க வேண்டும். இங்கேதான் அடுத்த தகராறு. தட்டோடு (தட்டையான தள ஓடு) பதித்த மாடியில் துளை போட்டு போல்ட் இறக்கினால், தட்டோட்டுக்குக் கீழே இருக்கும் சுர்க்கியும் செங்கல் ஜல்லியும் பிடிமானம் தராது. தளக் கான்கிரீட் வரை போக வேண்டும். போனால் ஐப்பசி மழையில் அதே துளை வழியாக ஒழுகும். சரியான வழி, கட்டை வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டை வெட்டி எடுத்து, கான்கிரீட் வரை சுத்தம் செய்து, 12 எம்எம் போல்ட்டைக் கெமிக்கல் ஆங்கரில் (துளையில் ஊற்றும் ரசாயனப் பசை) நிறுத்தி, அதன் மேல் கட்டை வார்த்து, சுற்றிலும் வாட்டர் ப்ரூஃப் பூசுவது. ஒரு நாள் வேலை கூடும். கூடுதல் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இரும்பின் தரத்துக்கு ஒரு சோதனை உண்டு. வெட்டி வெல்டிங் வைத்துவிட்டு, பற்றவைத்த இடத்தில் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருந்தால் அது முன்பே முலாம் பூசிய பைப்பை வாங்கி வெல்டிங் வைத்தது. வெல்டிங் சூட்டில் முலாம் எரிந்துபோய்விடும். பெயின்ட் இரண்டு மழை தாங்கும். செய்து முடித்த சட்டத்தை முழுதாகத் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்து, மாடியில் போல்ட் மட்டும் போட்டுப் பொருத்துவதுதான் ஹாட் டிப். முலாம் 80 மைக்ரான் என்று எழுதி வாங்குங்கள். கூடங்குளம், இடிந்தகரை, உவரி, கூட்டப்புளி என்று கடற்கரை ஊரானால் இதில் பேரமே கூடாது. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பேனலைப் பிடிக்கும் கிளாம்பையும் கிட்டப் போய்ப் பாருங்கள். பேனலின் நீளப் பக்கத்தில், முனையில் இருந்து ஒன்றரை அடி உள்ளே கிளாம்ப் உட்கார வேண்டும். கீழே ஓடும் கம்பி எங்கே வருகிறதோ அங்கே மாட்டினால் வேலை சுலபம் என்பதால் சில இடங்களில் நுனியிலேயே மாட்டிவிடுகிறார்கள். காற்றில் பேனலின் நடுப்பகுதி மேலும் கீழும் உதறும். கண்ணாடி உடையாது, உள்ளே செல்லில் மயிரிழை வெடிப்பு விழும். அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து யூனிட் குறையும்போதுதான் தெரியும், அப்போது கம்பெனிக்காரர் தூசி என்பார்.

எர்த்திங் குழி மூன்றும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்: பேனல் சட்டத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. நம் பக்கம் சரளையும் பாறையும் சீக்கிரம் முட்டும். 3 மீட்டர் கம்பியில் அரை மீட்டர் இறங்கி நின்றதும் மீதியை வெட்டிவிட்டு, மேலே மூடி போட்டு மண்ணைத் தள்ளிவிடுவார்கள். கம்பி இறக்கும்போது பக்கத்தில் நிற்பது ஒன்றே வழி. இறங்காவிட்டால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், அல்லது ஆழ்துளைக்காரரைக் கொண்டு போடச் சொல்லுங்கள். முடித்ததும் எர்த் டெஸ்டர் வைத்து 5 ஓமுக்குள் காட்டச் சொல்ல வேண்டும், அதுவும் நல்ல வெயிலில். மழை பெய்த மறுநாள் எந்தக் குழியும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். இடிதாங்கி ஒயரைப் பேனல் சட்டத்தின் எர்த்தோடு முடிச்சுப் போட்டிருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள். சித்திரை வைகாசி இடியில் இன்வெர்ட்டர் போவதற்கு அதைவிட நேர்வழி கிடையாது.

நிழல் விஷயத்தில் ஊரெங்கும் ஒரு தப்பு நடக்கிறது. தெற்குப் பார்த்து வைக்கிறோம், வடக்கே என்ன இருந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். வடநாட்டில் அது சரி. நெல்லை இருப்பது நிலநடுக்கோட்டில் இருந்து 8.7 பாகை வடக்கே. ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்போது வடக்கே இருக்கும் தண்ணீர் டேங்க்கும் மாடிப்படி அறையும் பேனல் மேல்தான் நிழல் போடும். காலையிலும் மாலையிலும் அது இன்னும் நீளும். அவற்றின் உயரம் எவ்வளவோ அவ்வளவாவது தள்ளி வையுங்கள். சாய்வு 10 பாகை போதும். அதைவிடக் குறைத்தால் மழைத்தண்ணீர் வழியாமல் கீழ்ச் சட்டத்தில் சேறு கட்டும்.

இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்டவே கூடாது. மூன்று மணி வெயிலில் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தரைத்தளத்தில் மாட்டுவதானால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எதுவரை வந்தது என்று தெருவில் கேட்டுவிட்டு, அதற்கு மேலே மாட்டுங்கள்.

நடுப்பகலில் இன்வெர்ட்டர் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' காட்டி நின்று நின்று ஓடினால் எல்லோரும் ஈபி மேல் பழி போடுவார்கள். பாதி நேரம் குற்றம் வீட்டு ஒயரில் இருக்கும். மாடியில் இருந்து மீட்டர் வரை 40 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்திருந்தால், 13 ஆம்பியர் போகும்போது அந்த ஒயரிலேயே 8 வோல்ட் ஏறிவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 3 வோல்ட்டோடு நிற்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீடுகளில் இந்த 5 வோல்ட்தான் ஓடுவதற்கும் நிற்பதற்கும் வித்தியாசம். மழை விட்ட காலையில் 'ஐஎஸ்ஓ' (மின்காப்பு) கோளாறு காட்டி, பத்து மணிக்குத் தானாகவே ஓடத் தொடங்கினால், பேனல் அடியில் கனெக்டர் ஏதோ ஈரத்தில் கிடக்கிறது என்று பொருள். ஒயரைச் சட்டத்தோடு தூக்கிக் கட்டினால் சரியாகும். இரண்டு வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றில் ஒன்று மாட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பொருந்துவது போலத்தான் இருக்கும், பிறகு சூடேறி உருகும்.

கரண்டு போனால் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்டு இல்லாத நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அது வேறு விலை, வேறு சாமான்.

காசுக் கணக்கு. 2024 ஜூலை முதல் வந்த வீட்டுக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டுக்குப் பில் 5,820 ரூபாய். 3 கிலோவாட் நாளுக்குச் சராசரி 12 யூனிட் தந்தால் இரண்டு மாதத்தில் 720. மீதி 180 யூனிட்டில் முதல் 100 இலவசம், 80-க்கு 2.35 வீதம் 188 ரூபாய். மற்ற சில்லறைக் கட்டணங்களை விட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 33,800 மிச்சம். 2 லட்சத்தில் மானியம் போக 1.22 லட்சம் போட்டவருக்கு மூன்றரை வருடத்தில் முதல் திரும்பும். 400 யூனிட் வீட்டுக்கு இதே பேக்கேஜை விற்கிறார்கள். அங்கே பில்லே 1,175 தான். முழுவதும் மிச்சமானாலும் முதல் எடுக்க 17 வருடம். 500 யூனிட்டைத் தாண்டினால்தான் பில் ஒரேயடியாக ஏறுகிறது. அந்தக் கோட்டைத் தொடாத வீட்டுக்கு எங்கள் சிபாரிசு: வேண்டாம். எப்போதாவது தாண்டும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி ஆடிச் சாரல் மேகத்தில் யூனிட் குறையும், ஐப்பசி கார்த்திகையில் எல்லா ஊரிலும் குறையும். 12 என்பது வருடச் சராசரி.

மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் பக்கம் இந்தப் பணம் பல வீடுகளுக்கு வளைகுடாவில் இருந்து வருகிறது. "எண்ணெய் நாட்டில் இருந்துகொண்டு சோலாருக்கு ஏன் காசு" என்று யோசிப்பவர்கள் பஹ்ரைனைப் பார்க்கலாம். வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலில், 1932-இல், எண்ணெய் கண்ட நாடு அது. சின்னத் தீவு, கரண்டு ஏறக்குறைய முழுக்க இயற்கை எரிவாயுவில். அந்த நாடே 2035-க்குள் 20 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், 2060-க்குள் நிகரச் சுழியக் கரிம வெளியீடு என்று இலக்கு வைத்திருக்கிறது. காலியாகும் கிணற்றை விற்றுச் சாப்பிடுகிறவருக்கே அந்தக் கணக்குப் புரிந்திருக்கிறது. அங்கே பேனலுக்கு எதிரி பாலைவனத் தூசி. இங்கே போர்வெல் தண்ணீர்.

உப்புப் போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் கட்டி, பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. ஆற்றுத் தண்ணீர், அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர். காலை ஏழு மணிக்கு முன், பேனல் சூடேறும் முன். மென்மையான துடைப்பான், சோப்பு வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். கல்குவாரி, செங்கல் சூளை, தாழையூத்து சிமென்ட் ஆலைப் பக்கமானால் வாரம் ஒருமுறை. மயில் உட்காரும் மாடியானால் தினமும் ஒரு பார்வை: எச்சம் காய்ந்து ஒரு செல்லை மறைத்தால் அந்த இடம் மட்டும் சூடாகிக் கருகும். பேனலின் மேல் விளிம்புக்கு ஒரு சாண் மேலே நைலான் நரம்பு ஒன்று இழுத்துக் கட்டினால் மயில் கால் வைக்க இடமின்றிப் போய்விடும்.

காகித வேலையில் மாட்டுவது ஒரே இடம். ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். ஆதாரும் வங்கிக் கணக்கும் பேரன் பெயரில். மானியம் அங்கே நின்றுவிடும். முதலில் பெயர் மாற்றம், பிறகு விண்ணப்பம்.

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை: பைப்பின் அளவும் கனமும், முலாம் மைக்ரான், கால்களின் எண்ணிக்கை, எர்த் ரீடிங், ஏசி ஒயரின் அளவு, 5 வருடப் பராமரிப்பு, வருடம் ஒருமுறை பங்குனிக்குள் கிளாம்ப் முறுக்கிப் பார்ப்பது. பணத்தில் பத்து சதவீதத்தை நெட் மீட்டர் ஓடி, முதல் ஆடி கழிந்த பிறகு தருவதாகப் பேசுங்கள். கட்டுமானத்தில் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்கிறார். இல்லாதவர் அந்த இடத்திலேயே பேனல் பிராண்டைப் பற்றி மறுபடி பேச ஆரம்பிக்கிறார்.