எட்டரை மணிக்குப் பந்தா, தொடரா?

வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே டிவி. எனக்குக் கால்பந்து, அம்மாவுக்கு நெடுந்தொடர்.

கால்பந்துக்கு முடிவு என்று ஒன்று உண்டு. 2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதிப் போட்டியில் கோவாவிடம் 1-2 என்று பின்தங்கிக் கிடந்த சென்னையின் எஃப்.சி., கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் சேர்த்து 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. இதே திருப்பத்துக்குத் தொடரில் மூன்று வாரம் ஆகும். அதிலும் பாதி நேரம், அதிர்ச்சியடைந்த முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவதிலேயே கழிந்துவிடும்.

அம்மா விடமாட்டார். "உன் ஆட்டத்தில் இருபத்திரண்டு ஆண்கள் ஓடுகிறார்கள். என் தொடரில் ஒரு பெண் என்ன நினைக்கிறாள் என்றாவது காட்டுகிறார்களே?" இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் பேட்டை மைதானத்தில் பெண் பிள்ளைகளும் பூட்ஸ் கட்டி ஆடுகிறார்கள் என்றேன். அவர்களை எந்தச் சேனலில் போடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஊரைக் காணவில்லை. திரையில் வடசென்னை என்றால் அரிவாள்தான். சென்னையின் அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

என் ஓட்டு பந்துக்குத்தான். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரிமோட் சண்டையில்லாமல் கிடைத்தது. 3-3 என்று முடிந்து பெனால்டிக்குப் போனபோது அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"மீதியை நாளைக்குப் போடுவார்களா?"