ஃப்ளூ ஊசி: சித்திரையில் தெற்கா, ஐப்பசியில் வடக்கா?

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சீனி வருத்தம், கூடவே தொய்வும். மாரி தொடங்கினால் தடிமனில் ஆரம்பித்து நெஞ்சுச் சளியில் போய் முடியும். வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி போடச் சொன்னார் டொக்டர். பிள்ளைகளுக்கான அரசாங்கத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விசாரித்துப் பார்த்தால் ஊசி இரண்டு வகை: வடவரைக்கோளத்துக்கு ஒன்று, தென்னரைக்கோளத்துக்கு ஒன்று. பாமசிக்காரரோ, "ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி" என்றார். 2025-ஐப் பொறுத்தவரை அவர் சொன்னது கிட்டத்தட்ட சரிதான், அதைப் பிறகு சொல்கிறேன். நான் எடுத்தது வடக்கு ஊசி, ஐப்பசியில்.

ஃப்ளூ வைரஸ் சும்மா இருக்காது, உருவம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை கூடி, அடுத்த ஊசிக்குள் எந்தெந்த ரகம் இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. பெப்ரவரியில் போடும் பட்டியல் வடக்கின் குளிர்காலத்துக்கு, செப்டெம்பரில் போடுவது தெற்கின் குளிர்காலத்துக்கு. தயாரித்து முடிக்க ஆறு மாதம் அளவில் பிடிக்கும். வடக்கு ஊசி கடைக்கு வரும்போது செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிவிடும், தெற்கு ஊசிக்கு மார்ச், ஏப்ரல். உலகப் படத்தில் பார்த்தால் இலங்கை வடக்கில்தான் இருக்கிறது. ஆனால் நமக்குக் குளிர்காலம் ஏது? இந்த நாட்டில் ஃப்ளூ இரண்டு தடவை தலைதூக்கும், மே மாதத்தை ஒட்டி ஒன்று, நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை ஒன்று. எந்த ஊசி என்ற கேள்வியே அதனால்தான் வருகிறது.

ஊசிக்குள் மூன்று ரகமா நான்கு ரகமா என்பதில் நேரம் போக்க வேண்டாம். நான்காவதாக இருந்த பி யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் பிடிபடவில்லை, அதை இனிச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023 செப்டெம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். இல்லாத வைரஸுக்குக் கூடுதல் காசு எதற்கு? கை வலி, ஒரு நாள் உடம்பு உளைச்சல் எல்லாம் வடக்கு, தெற்கு இரண்டிலும் ஒரே மாதிரி.

என்னை முடிவெடுக்க வைத்தது மாதம்தான். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி ஏற இரண்டு கிழமை வேண்டும். ஏறியது அப்படியே நிற்பதில்லை, மாதம் போகப்போக இறங்கும், வயதானவர்களுக்கு இன்னும் வேகமாக இறங்கும். சித்திரையில் தெற்கு ஊசி போட்டால் கார்த்திகை மழை தொடங்கும்போது அதற்கு ஏழு மாத வயது. கொழும்புப் பக்கம் மே மாதம் மழையில் நனையும் நேரத்தில் எங்கள் மட்டக்களப்பில் கச்சான் காற்று வெக்கையாக அடிக்கிறது, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும், அம்மாவும் முற்றத்தில்தான் இருப்பார். வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். வீடு பூட்டியே கிடக்கும், ஒரே அறைக்குள் நான்கு பேர். 2024 நவம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் பள்ளிக்கூட மண்டபங்களில் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்க வேண்டியிருக்கும். அதோடு மார்கழியில் லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். சொக்லேட்டோடு அங்கே அப்போது சுற்றுகிற ஃப்ளூவும் வரும். ஐப்பசியில் போட்ட ஊசி இத்தனைக்கும் சூடாக நிற்கும்.

கச்சான் காலத்தில் இங்கே ஃப்ளூவே இல்லை என்று சொல்ல வரவில்லை. கொழும்பு இரவு பஸ் தினமும் ஓடுகிறது. என் கணக்கு எங்கள் வீட்டு அனுபவம், மாவட்டப் புள்ளிவிபரம் இல்லை.

இனி உள்ளே இருக்கும் சரக்கு. பாமசிக்காரர் சொன்னதில் இருந்த உண்மை இங்கேதான். முட்டையில் வளர்த்துத் தயாரிக்கும் ஊசிகளுக்கு 2025 தெற்குப் பட்டியலிலும் 2025/2026 வடக்குப் பட்டியலிலும் அதே மூன்று ரகம்தான் (எச்1என்1, எச்3என்2 இரண்டும் ஏ வகை ஃப்ளூ; ரகங்களுக்கு ஊர்ப் பெயர்தான் வைப்பார்கள்): எச்1என்1-இல் விக்டோரியா, எச்3என்2-இல் குரொவேஷியா, பி வகையில் ஒஸ்ட்ரியா. பெட்டிதான் வேறு. 'பிந்தி வந்தது, அதனால் நல்லது' என்று 2025-இல் யாராவது வாங்கியிருந்தால் அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. எனக்குக் கிடைத்தது சரியான மாதம் மட்டும்.

அந்த மாதத்திலும் வைரஸ் ஒரு விளையாட்டு விளையாடியது. பட்டியல் போட்டு முடிந்த பிறகு எச்3என்2-இல் 'கே' என்ற கிளை முளைத்து, 2025 கடைசியில் ஜப்பான், பிரிட்டன், கனடா எங்கும் பரவியது. ஊசியில் இருந்த ரகத்துக்கும் அதற்கும் நல்ல இடைவெளி. அப்போ ஊசி வீணா என்று அக்கா டொரொண்டோவிலிருந்து எடுத்துக் கேட்டா. வீணில்லை. பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகவரகம் நவம்பரில் வெளியிட்ட ஆரம்பக் கணக்குப்படி, ஃப்ளூவால் ஆஸ்பத்திரிக்குப் போவதை ஊசி பிள்ளைகளில் 70 முதல் 75 சதவீதமும் பெரியவர்களில் 30 முதல் 40 சதவீதமும் தடுத்திருக்கிறது. அது ஊசி போட்டுக் கொஞ்ச நாளிலேயே எடுத்த கணக்கு. பெரியவர்களின் எண் பெருமைப்படும்படி இல்லைதான். ஆனால் தொய்வுக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆபத்துக் குறைவதே எனக்குப் போதும்.

தெற்கு ஊசியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, 2026-இல் கொஞ்சம் கூடவே. 2026 தெற்குப் பட்டியலில் மூன்றில் இரண்டை மாற்றிவிட்டார்கள்: எச்1என்1-க்கு மிசூரி, எச்3என்2-க்கு முட்டை ஊசியில் சிங்கப்பூர். பி வகை மட்டும் பழையது. 2026 ஹஜ்ஜும் மே கடைசியில்தான். காத்தான்குடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ போகிறவர்கள் கட்டாயமான மெனிங்கோகொக்கல் (மூளைக்காய்ச்சல்) ஊசியோடு ஃப்ளூவும் போடுவதென்றால், சித்திரையில் வரும் தெற்கு ஊசிதான் பொருத்தம். மிஞ்சிக் கிடக்கும் 2025/2026 பெட்டியை யாராவது நீட்டினால் அவர்கள் வாங்கத் தேவையில்லை. ஐப்பசியைத் தவறவிட்டவர்களும் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்காமல் தெற்கு ஊசியைப் போடலாம்.

பெட்டியைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். வடக்கு ஊசியில் 2025/2026 என்று இரண்டு வருடம் அச்சடித்திருக்கும், தெற்கில் ஒற்றை வருடம். பக்கத்திலேயே காலாவதித் திகதி. வாங்கினால் அங்கேயே போட்டுக்கொண்டு வருவது நல்லது. எங்கள் மாமா மீன் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவோம் என்று யோசனை சொன்னார். இந்த ஊசிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை குளிர் வேண்டும், ஆனால் உறைந்துவிட்டால் கதை முடிந்தது. பிறகு உருக்கினாலும் அது ஊசி இல்லை.

வருடத்துக்கு இரண்டையும் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் அனுபவம் இல்லை. அம்மாவுக்கு ஒன்றுதான் போட்டோம், இரண்டாவதை அவரவர் டொக்டர் சொல்லட்டும். ஒன்பது வயதுக்குக் கீழே முதல் தடவை போடும் பிள்ளைகளுக்கு மட்டும் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி. கொரோனாவுக்கும் ஜேஎன்.1, எல்பி.8.1 என்ற ரகங்களுக்கு ஏற்பப் புதுப்பித்த ஊசிகள் வெளிநாட்டில் இருக்கின்றன, அக்கா போட்டுக்கொண்டா. நான் விசாரித்த இடங்களில் அவை இல்லை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் இல்லை.