தண்டச் சீட்டைத் தரகரிடம் கொடுக்காதீர்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கூலித்தொழிலாளி ஒருவர் மீது பிடியாணை இருக்கிறது. அவர் செய்ததெல்லாம் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் தொடர் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு லொறியை முந்தியதுதான். பொலிஸார் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு தண்டச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தபால் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை எடுத்திருந்தால் விசயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் லைசன்ஸ் இருந்த பொலிஸ் நிலையம் ஊரிலிருந்து தூரம். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே நின்ற ஒருவர், “தம்பி, ஏன் அலையிறியள்? சீட்டைத் தாங்கோ, ரெண்டு நாளையில லைசன்ஸ் வீட்டுக்கு வரும்” என்று சொல்லி, தண்டத்தோடு தன் கூலியையும் சேர்த்து 4,500 ரூபாய் வாங்கினார். மூலச் சீட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு போட்டோக் கொப்பி ஒன்றைக் கையில் கொடுத்தார். காசு கட்டப்படவேயில்லை. சில நாட்களில் தொலைபேசியும் நின்றுபோனது.

அதன் பிறகு என்ன நடக்கும் என்பதைச் சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சீட்டு வெறும் பில் அல்ல. லைசன்ஸ் பொலிஸிடம் இருக்கும் 14 நாட்களுக்கு அதுதான் உங்கள் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம். மூலச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கொப்பியோடு ஓடினால், அடுத்த சோதனையில் காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. 14 நாட்களுக்குள் கட்டாவிட்டால் தண்டம் இரட்டிப்பாகும், தற்காலிக அனுமதியும் காலாவதியாகும். 28 நாட்களும் கடந்தால் தபால் கந்தோரில் கட்ட முடியாது, வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் மோட்டார் சைக்கிளை ஓட்டினால் அது அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டிய குற்றம். கோட்டைத் தாண்டியதைவிட அது பல மடங்கு பெரியது. தண்டம் 25,000 ரூபாயில் தொடங்கும்.

வன்னியில் இதை இன்னும் மோசமாக்கும் ஒரு காரணம் உண்டு. நீதிமன்ற அழைப்பாணை லைசன்ஸில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீள்குடியேறி, வேறு காணியில் வீட்டுத்திட்டம் கிடைத்து இருப்பவர்களில் எத்தனை பேரின் லைசன்ஸில் இப்போதைய விலாசம் இருக்கிறது? அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போய், ஆளில்லை என்று திரும்பும். தவணைக்கு ஆள் வரவில்லை என்று பிடியாணை பிறக்கும். அந்தத் தொழிலாளிக்கும் இப்படித்தான் நடந்தது. வேறொரு சோதனையில் மறித்தபோதுதான் தன் மேல் பிடியாணை இருப்பதே அவருக்குத் தெரியவந்தது. விசயம் தெரிந்ததும் அதே தரகர் மறுபடி வந்து, “லோயருக்கு 15,000 வேணும்” என்று கேட்டிருக்கிறார். இந்த இரண்டாவது கொள்ளைக்குத்தான் இவர்கள் காத்திருக்கிறார்கள்.

சீட்டு கையில் வந்தவுடன் அங்கேயே நின்று வாசியுங்கள். திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், குற்றம், தொகை, பொலிஸ் நிலையம், எழுதிய உத்தியோகத்தரின் இலக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது, ஆகவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டி வந்தால், கையெழுத்துக்கு மேலே “வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை” என்று தமிழில் எழுதுங்கள். பிறகு சீட்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குற்றம் செய்தது உண்மையென்றால், அதே நாளிலோ அடுத்த நாளிலோ நீங்களே கட்டுங்கள். தபால் கந்தோர் முத்திரை குத்தித் தரும் துண்டைக் கொண்டுபோய் லைசன்ஸை எடுங்கள். போக முடியாவிட்டால் வீட்டு ஆளை அனுப்புங்கள், வழியில் சந்தித்தவரை அல்ல. அரசின் இணையவழிக் கட்டண முறையான கவ்பே (GovPay) மூலம் போனிலேயே கட்டும் முறை 2025இல் தொடங்கியது. மறித்த உத்தியோகத்தர் அந்த வசதி தன்னிடம் இருப்பதாகச் சொன்னால் அங்கேயே கட்டி, லைசன்ஸைக் கையோடு வாங்கிக்கொள்ளலாம். தரகருக்கு வேலையே இருக்காது. ஆனால் போனில் கட்டலாம் என்பதற்காக, தண்டம் கட்டச் சொல்லி இணைப்போடு வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். கையில் சீட்டு இல்லாமல் எந்த இணைப்பிலும் வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம். வீதியில் வைத்துக் கைக்குள் காசு திணிப்பதும் தீர்வல்ல. இலஞ்சம் கேட்பவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளிதான். கேட்டால் 1954க்கு அழைத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள்.

குற்றம் செய்யவில்லை என்றால் காசைக் கட்டாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகி விசயம் மூடப்படும், பிறகு வாதாட எதுவும் இல்லை. வழக்காடப் போகிறேன் என்று மறித்த இடத்திலேயே மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் வழக்காடுவதென்றால் அன்றைக்கே வேலை தொடங்க வேண்டும். மறித்த இடம், வீதிக் கோடு, அறிவிப்புப் பலகை இருந்த திசை, பலகையை மறைத்த மரக்கிளை, அழிந்துபோன வெள்ளைக் கோடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஒரு கிழமை கழித்துப் போனால் கோடு புதிதாகப் பூசப்பட்டிருக்கலாம். உங்கள் வாகனத்தில் பின்னால் இருந்து வந்தவரின் பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அவர்தான் உங்கள் சாட்சி.

வேகம் பற்றிய சீட்டென்றால் கருவியில் காட்டும் எண்ணை அங்கேயே பார்க்கக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் நகர்ப்பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில் 70. முச்சக்கர வண்டிக்கு எங்கும் 40தான். எல்லையை எத்தனை வீதம் தாண்டினீர்கள் என்பதைப் பொறுத்துத் தண்டம் படிப்படியாக ஏறும்: 20 வீதம் ஒரு படி, 30 அடுத்தது, 50 அதற்கு மேல். 70 எல்லையில் 84ஐயும் 91ஐயும் 105ஐயும் தாண்டும்போது படி மாறும். அதனால் 85 என்று எழுதியிருந்தால் கருவி காட்டியது 83ஆ 85ஆ என்பது காசுக் கேள்வி. புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் நேரான ஏ9 சட்டென்று கடைத்தெருவுக்குள் நுழைகிறது. 50 பலகை எங்கே நிற்கிறது, உங்களை அளந்தது அதற்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான் பல வேக வழக்குகளின் உயிர் இருக்கிறது.

நீதிமன்றத்தில் நடப்பது இதுதான். காலை 9 மணிக்கு முன்னரே போங்கள். அடையாள அட்டை, சீட்டு, படங்கள், கொஞ்சம் காசு கையில் இருக்கட்டும். போனை நிறுத்துங்கள். பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏற வேண்டும். முதலியார் (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) குற்றப்பத்திரத்தை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா (குற்றமற்றவரா) என்று கேட்பார். கூட்டத்தில் பயந்து, “சேர், நான் வேகமா வரேல்ல, ஆனா…” என்று இழுக்காதீர்கள். சுற்றவாளி என்று தெளிவாக, ஒரே சொல்லில் சொல்லுங்கள். வெளியே நிற்கும் தரகர்கள் “ஒத்துக்கொண்டால் குறைச்சுப் போடுவினம்” என்று ஓதுவார்கள். ஒப்புக்கொண்டால் தீர்ப்பு அன்றைக்கே. நீதவான் விதிக்கும் தண்டம் சீட்டில் இருந்ததைவிடக் கூடவும் இருக்கலாம். கட்டும்வரை வெளியே விடவும் மாட்டார்கள். தானே ஒப்புக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு வாசலும் கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். விசாரணைக்குப் பின் குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கோ மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள் இருக்கிறது.

சுற்றவாளி என்றதும் விசாரணைக்குத் தவணை குறிப்பார்கள். அந்த முதல் நாளிலேயே, வழக்கு முடியும்வரை லைசன்ஸைத் தரும்படியோ தற்காலிக அனுமதி தரும்படியோ கேளுங்கள். இதைக் கேட்காமல் வந்துவிட்டு மாதக்கணக்கில் வாகனத்தை மூடிவைப்பவர்கள் உண்டு, அதைவிடக் கூடாத வகையில் ஓட்டித் திரிபவர்களும் உண்டு. தருவது நீதவானின் தீர்மானம், கேட்பது உங்கள் உரிமை.

விசாரணையில் குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியது பொலிஸ் தரப்பு. குறுக்குக் கேள்வியில் கதை சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். எங்கே நின்றீர்கள், வாகனம் எவ்வளவு தூரத்தில் வந்தது, அந்த நேரம் பக்கத்தில் வேறு வாகனம் வந்ததா, குறிப்புப் புத்தகத்தில் எப்போது எழுதினீர்கள், கருவியைக் கடமைக்கு முன் சோதித்தீர்களா, இந்தப் படத்தில் இருக்கும் பலகை அன்று இருந்ததா. பதில் பிடிக்காவிட்டாலும் வாக்குவாதம் வேண்டாம், அடுத்த கேள்விக்குப் போங்கள். சாட்சி சொல்ல வேண்டிய உத்தியோகத்தர் இடமாற்றமாகிப் போயிருந்தால் வழக்கு தானாக விழுந்துவிடும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் தவணை தள்ளிப்போகும், நீங்கள் மறுபடி வர வேண்டும். ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு மூன்று, நான்கு நாள் கூலியை இழக்கத் தயாரா என்பதை முதலே யோசியுங்கள். மது போதை, அனுமதிப்பத்திரம் இல்லாமை, காப்புறுதி இல்லாமை போன்ற வழக்குகள் வேறு ரகம். அவற்றில் சட்டத்தரணி இல்லாமல் கூண்டில் ஏறாதீர்கள். வசதி இல்லாதவர்கள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போகலாம். காசு வாங்கும் சட்டத்தரணியென்றால் நீங்களே அவருடைய கந்தோருக்குப் போய் நேரில் பேசுங்கள். “லோயரிட்ட நான் குடுக்கிறன்” என்பவரிடம் ஒரு சதமும் வேண்டாம்.

சீட்டே வராமல் இருக்க, வன்னி வீதிகளில் அதிகம் கவனிக்க வேண்டியவை சில. தலைக்கவசப் பட்டியைப் பூட்டுங்கள், பின்னால் இருப்பவருக்கும்தான். ரயில் கடவையில் மணி அடித்தால் நில்லுங்கள். உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளி தெறிக்கும் தகடும் இல்லாமல் இரவில் ஏ9இல் ஏற்றாதீர்கள். இதில் தண்டத்தைவிட உயிர் பெரிது. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் முடியும் திகதியைப் போனில் நினைவூட்டலாகப் போடுங்கள். ஓபின் பேப்பரில், அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்த பத்திரத்தில், வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பெயர் மாற்றாமல் வைத்திருந்தால் வரும் கடிதமெல்லாம் பழைய உரிமையாளருக்குப் போகும். லைசன்ஸ் விலாசத்தையும் இப்போதே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றுங்கள்.

ஏற்கனவே தரகரிடம் சீட்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், நாளைக் கடத்தாமல் சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பணம் கட்டப்பட்டதா என்று கேளுங்கள். 28 நாட்களுக்குள் என்றால் கட்டி முடிக்க வழி கேட்கலாம். வழக்காகிவிட்டால் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கிலக்கத்தையும் தவணையையும் எடுங்கள். பிடியாணை இருந்தால், பிடிபடும்வரை காத்திராமல் சட்டத்தரணி மூலம், வழக்கை எடுக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் நகர்த்தல் பத்திரம் போட்டுத் தானாகவே ஆஜராகுங்கள். தானாக வந்தவரையும் பிடித்துக் கொண்டுவந்தவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் போட்டோக் கொப்பி, வட்சப் செய்திகள், ஈசி கேஷ் அனுப்பிய பற்று எதையும் அழிக்காதீர்கள். தரகர் செய்தது தண்டனைச் சட்டக்கோவையின்படி ஏமாற்றுதல். அந்த ஆதாரங்களோடு அவர் மீது முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். சீட்டு ஏன் நேரத்துக்குக் கட்டப்படவில்லை என்று நீதவான் கேட்கும்போது காட்டுவதற்கு அந்த இலக்கம் வேண்டும்.