லீசா, லோனா, பழைய வண்டியா: கடலூரிலும் புதுச்சேரியிலும் இரண்டு வீட்டுக் கணக்கு

லாஸ்பேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, சாப்பிட உட்காரும் முன்பே செல்போனை என் பக்கம் நீட்டினார். "மச்சான், மாசம் 17,500 கட்டினா போதுமாம். முன்பணம் வேணாம், இன்சூரன்ஸ் வேணாம், சர்வீஸும் அவங்களே பாத்துக்குவாங்களாம். காரை லீசுக்கு எடுத்துடலாமா?"

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "லீசுன்னா முடிவுல காசு திரும்ப வந்துடும்ல?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் லீஸ் என்றால் வீட்டு லீஸ்தான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது அப்படியே திரும்ப வாங்குவது. மாப்பிள்ளை காட்டியது அதுவல்ல. மாதாமாதம் கட்டுகிற பணம் போனது போனதுதான். மூன்று வருடம் கழித்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வரவேண்டும். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு லீஸ் மாதிரியே காருக்கும் ஒன்று நடக்கிறது. ஒன்றரை லட்சம் கொடு, வண்டியை ஓட்டிக்கொள், வண்டி திரும்பி வரும்போது பணம் திரும்பி வரும் என்பார்கள். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார். ஆறாம் மாதம் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உரிமையாளர் தவணையே கட்டவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இருந்திருக்கிறது, இவர் பார்க்கவில்லை. கொடுத்த பணத்துக்கு இன்றுவரை அலைகிறார். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு விட்டிருப்பது தெரிந்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடமிருக்கிறது. எவ்வளவு மலிவாக வந்தாலும் இந்த வகை லீஸ் வேண்டவே வேண்டாம்.

மீதி நான்கு வழிகள்: கம்பெனிக்காரரிடம் மாத லீஸ், லோன் போட்டுப் புது வண்டி, கையிலிருக்கும் பணத்தில் பழைய வண்டி, வண்டியே வாங்காமல் தேவைக்கு டாக்சி. நானும் மாப்பிள்ளையும் அன்று மாலை நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

முதலில் புது வண்டி. ஷோரூம் விலை 6 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 78,000. முதல் வருட இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, சில்லறை எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 7,15,000. அதில் 2,15,000 கையிலிருந்து, 5 லட்சம் லோன். 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 10,501. ஏழு வருடமாக நீட்டினால் 8,172. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் குறைகிறதே என்று தோன்றும். ஆனால் மொத்த வட்டி 1,30,000-லிருந்து 1,86,000-க்கு ஏறிவிடும். மாதத் தவணையை மட்டும் பார்த்து யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்கு இந்த 56,000 ரூபாயே போதும்.

லீஸோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே கால அளவு வேண்டும். லீஸ் மூன்று வருடம். லோன் வண்டியையும் மூன்றாம் வருட முடிவில் விற்றுவிடுவதாக வைத்துப் பார்த்தோம். மூன்று வருடம் முடியும்போது வண்டியின் மதிப்பை இன்சூரன்ஸ் கணக்கில் 30 சதவீதம் கழிப்பார்கள். அதே அளவில் 4,20,000-க்கு விற்பதாக எடுத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் பாக்கி லோன் 2,28,700 அளவில் நிற்கும். முன்பணமும் 36 தவணையும் சேர்ந்து 5,93,000. அடுத்த இரண்டு வருட இன்சூரன்ஸ், மூன்று வருட சர்வீஸ் என்று 36,000. விற்ற பணத்தில் லோனை அடைத்தபின் கைக்கு வருவது 1,91,300. கழித்துப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு உண்மைச் செலவு 4,38,000 அளவு, மாதத்துக்கு 12,150.

லீஸ்: 17,500 பெருக்கல் 36, மொத்தம் 6,30,000. ஜி.எஸ்.டி. உட்பட என்று மாப்பிள்ளை உறுதியாகக் கேட்டுக்கொண்டார். வித்தியாசம் 1,92,000. இதில் லீஸுக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு பங்கு உண்டு. லோனுக்குப் போட்டிருக்க வேண்டிய 2,15,000 முன்பணம் 7 சதவீத வட்டியில் பேங்கில் கிடந்தால் மூன்று வருடத்தில் 48,000 வரும். அதைக் கழித்தாலும் 1,44,000 மிச்சம் நிற்கிறது. விலை இறங்கும் பயமும் விற்கும் அலைச்சலும் நமக்கு இல்லாமல் இருப்பதற்காக நாம் கொடுக்கிற காசு அது. மாதம் 4,000. வண்டி விற்கத் தெரியாதவருக்கு அது பெரிய நிம்மதியாகவே இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டு வாழ்கிற குடும்பத்துக்கு மாதம் 4,000 என்பது பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

முன்பணம் இல்லாததுதான் லீஸின் உண்மையான பலம். மாப்பிள்ளையின் நிலைமை அதுதான். கல்யாணக் கடன் இன்னும் முடியவில்லை. சேதராப்பட்டில் அவருக்கு மூன்று வருட வேலைதான், அப்புறம் எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று தெரியாது. தினமும் போய்வரும் தூரம், வார இறுதியில் கடலூர் எல்லாம் சேர்த்து மாதம் 850 கிலோமீட்டர். லீஸில் அனுமதி 1,200. ஆகவே கிலோமீட்டர் அபராதம் வராது. 'லீஸ் மோசம்' என்று ஒரே வரியில் அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. புதுச்சேரியில் கார் வரி நம் பக்கத்தைவிட நிறையக் குறைவு, பெட்ரோலும் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. அதனால் அவர் அங்கேயே பதிவு செய்து புது வண்டி எடுத்தால் 7,15,000 என்பது இன்னும் இறங்கும், லீஸுக்கான வித்தியாசம் இன்னும் கூடும். கடலூரில் இருந்துகொண்டு சொந்தக்காரர் முகவரியில் பி.ஒய். என்கிற புதுச்சேரி போர்டு வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவு. அப்போது தமிழ்நாட்டு வரியையும் கட்டியாக வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்தது திரும்பக் கைவிட்டுப் போகும்.

இதே சட்டம் லீஸையும் இடிக்கிறது. அந்தக் கம்பெனி சென்னையில்தான் வண்டியை ஒப்படைக்கும், பதிவும் தமிழ்நாட்டு எண்ணில். மூன்று வருடம் லாஸ்பேட்டையில் நிற்கப்போகிற வண்டி அது. மறுபதிவு செய்ய நேர்ந்தால் செலவு யார் தலையில்? அவர் கொண்டுவந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெள்ளத்தைப் பற்றியும் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, கடலூரின் ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நம் ஊரில் கார் வைத்திருப்பவர் இதை ஒரு செலவாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். முழு இன்சூரன்ஸில் வெள்ள சேதம் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் அடைத்துக்கொண்டால் பொதுவாக அது அடங்காது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சொந்த வண்டியில் அதைச் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. லீஸ் வண்டியின் பாலிசியை எடுப்பது கம்பெனிக்காரர்.

இனி என் வீடு. அப்பாவைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் எனக்கு வண்டி. போக வர 60 கிலோமீட்டர். இதுவரை டாக்சிதான், காத்திருப்போடு 1,800. மாதம் இரண்டு முறை 3,600, கல்யாணம் காட்சி என்று இன்னொரு 2,000. ஆக 5,600.

ஆறு வருடம் ஓடிய சின்னக் கார் ஒன்று 2,60,000-க்கு வந்தது. மூன்று வருடம் வைத்திருந்து 1,60,000-க்கு விற்றால் இறக்கம் ஒரு லட்சம். இன்சூரன்ஸ் 30,000, டயர், பேட்டரி, சர்வீஸ் எல்லாம் 60,000, பெயர் மாற்றமும் வாங்கியவுடன் செய்யும் வேலையும் 10,000. மொத்தம் 2 லட்சம், மாதம் 5,555. இதோடு பெட்ரோல். இரண்டு முறை ஜிப்மர் மட்டும் என்றால் ஊர்ச்சுற்றலோடு சேர்த்து 2,000 சொச்சம் ஆகும், மொத்தம் 7,600. டாக்சியே மலிவு! மூன்று முறை போனாலும் டாக்சி சற்று முன்னால் நிற்கிறது. நான்காம் முறையில்தான் தராசு சொந்த வண்டிப் பக்கம் சாய்கிறது: டாக்சி 9,200, வண்டி 8,150. இந்தக் கணக்கைப் போடாமல் நான் இரண்டு வருடம் முன்பே வாங்கியிருந்தால் மாதம் இரண்டாயிரம் வீணாகியிருக்கும்.

இப்போது அப்பாவுக்கு வாரம் ஒரு முறை வரச் சொல்லிவிட்டார்கள். அதனால் வாங்கினேன். மலிவு மட்டும் காரணம் இல்லை. சிகிச்சை முடிந்து களைத்து வெளியே வருகிற மனிதர், டிரைவர் காத்திருக்கிறாரே என்று அவசரப்படுவதைப் பார்க்க முடியவில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, ஃபைனான்ஸ். '9 சதவீதம்தான்' என்பார்கள், அது ஃபிளாட் வட்டி, அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. 2 லட்சத்துக்கு மூன்று வருடம் என்றால் 54,000 வட்டி. பேங்கில் சொல்கிற குறையும் வட்டிக் கணக்கில் அது 16 சதவீதத்தைத் தாண்டும். அந்த லோன் எடுப்பதைவிட ஆறு மாதம் பொறுத்துச் சேர்த்து வாங்கலாம். இரண்டு, தாள்கள். ஆர்.சி.யில் எச்.பி. என்கிற கடன் பதிவு இருந்தால், பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும், அந்தப் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டாலே கடன் பதிவும் இன்சூரன்ஸ் தேதியும் தெரிந்துவிடும். இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் விற்பவருக்குச் சொந்தம், வண்டியோடு நமக்கு வராது. மூன்று, தண்ணீர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை இருந்தால் தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழியில் கைவிட்டு, சீட் அடியில் போல்ட்டுகளின் துருவைப் பாருங்கள். நான் முதலில் பார்த்த வண்டியை, உள்ளே புது மெத்தை உறை பளபளத்தும், பெல்ட்டின் அடிப்பகுதி பழுப்பேறியிருந்ததால் விட்டுவிட்டேன். தேவனாம்பட்டினம் பக்கம் கடற்கரையோரம் நின்ற வண்டி என்றால் அடிப்பாகத்தை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும் செலவு வீண் போகாது.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது, மேல்வரியும் போனது. புது வண்டி விலை இறங்கியபின் பழைய வண்டிக்கு அதற்கு முந்தைய விலையைச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதைச் சொல்லித்தான் நான் 15,000 குறைத்தேன்.

மாப்பிள்ளைக்குப் பழைய வண்டி சரிப்படாது. காலை ஷிஃப்டுக்கு வழியில் நின்றுவிட்டால் சம்பளம் போய்விடும் என்கிறார், அது நியாயம்தான். அவர் வேலை பார்க்கும் கம்பெனியே லீஸ் எடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் வருமான வரியில் குறைகிற பணம் அந்த 1,44,000-இல் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். அப்படி ஒரு திட்டம் உண்டா என்று ஹெச்.ஆரில் கேட்டிருக்கிறார். லீஸ் கம்பெனிக்கும் எழுத்தில் மூன்று கேள்வி அனுப்பினோம்: புதுச்சேரியில் 12 மாதம் தாண்டினால் மறுபதிவுச் செலவு யாருடையது, பாலிசியில் இன்ஜின் பாதுகாப்பு உண்டா, 20 மாதத்தில் மாற்றலாகிப் போனால் எவ்வளவு பிடிப்பார்கள். மூன்றாவதற்கு மட்டும் பதில் வந்திருக்கிறது: மூன்று மாத வாடகை, அதாவது 52,500. மற்ற இரண்டுக்கும் போனில் சொன்னார்கள். எழுத்தில் வரட்டும் என்று மாப்பிள்ளை காத்திருக்கிறார், அதுவரை ஸ்கூட்டரில்தான் சேதராப்பட்டு போய்வருகிறார்.