வாரியமா, சந்தையா, சங்கமா: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு சோசலிச விவாதம்

சோசலிசம் சமுதாயத்துக்கு நல்லதா என்று கேட்டால் என் பெரியப்பா உடனே பதில் சொல்ல மாட்டார். "எதுக்குன்னு சொல்லு கண்ணு, சோத்துக்கா, வேலைக்கா, வெள்ளாமை விக்கறதுக்கா?" என்று திருப்பிக் கேட்பார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் காபி. நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, காபி காய வைக்க ஒரு களம். அரசு வாங்கிய காலத்திலும் விற்றார், சந்தை திறந்த பிறகும் விற்றார். அதனால் அவர் கேள்வியை வைத்தே இதை அலச நினைக்கிறேன்.

சேலத்துக்கு இந்த வாதம் பழசு. 1917இல் இந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜிதான் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, காங்கிரஸ் நடத்துவது லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் என்று எதிர்த்தார். சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்து சமதர்மம் பேசிய பெரியார், நீதிக்கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றியது 1944இல், இதே சேலத்தில். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். உயிர் போன விஷயம் இது. வாய்க்கு வந்தபடி பேச எனக்கு மனசு வருவதில்லை.

முதலில் காபி. ஒரே செடிக்கு இரண்டு ஏற்பாடும் நடந்திருக்கிறது, ஒப்பிட அதைவிடத் தோதான பயிர் கிடையாது.

உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது, 1942இல் வெள்ளைக்கார அரசே ஒரு சட்டம் போட்டது. வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டது போக, விளைந்த காபி முழுவதும் அரசின் காபி வாரியம் வைத்த பொதுக் குவியலுக்குப் போக வேண்டும். தோட்டங்கள் மூழ்காமல் காப்பதற்காக வந்த ஏற்பாடுதான். ஆனால் 1955 ஆவடி காங்கிரஸ் சோசலிசப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காலத்தைத் தாண்டியும் அது அப்படியே நின்றது. வந்த காபியைத் தரம் பிரித்துப் புள்ளி போடுவார்கள். கொடுத்தவுடன் ஒரு முன்பணம். வாரியம் ஏலத்தில் விற்க விற்க, மீதி தவணை தவணையாக வரும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. முந்நூறு ஏக்கர் எஸ்டேட்டுக்கும் மூன்று மூட்டைக்காரருக்கும் ஒரே தரத்துக்கு ஒரே புள்ளி, ஒரே விலை. விற்காமல் போய்விடுமோ என்ற பயமும் இல்லை. குறை என்னவென்றால், கடைசியில் என்ன விலை கிடைக்கும் என்பது கொடுக்கும்போது தெரியாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நல்ல மலைச்சரிவில் விளைந்த அரபிகா வகைக் காபி, ஊர் பேர் இல்லாமல் பொதுக் குவியலில் கலந்துவிடும். "வாரியம் வாங்குன காலத்துல ராத்திரி தூக்கம் வந்துச்சு. ஆனா நம்ம காபி நல்லாருக்கா, இல்லையான்னு ஒருத்தரும் நமக்குச் சொன்னதில்ல" என்பார் பெரியப்பா. விளைவிக்கிறவனுக்குத் தன் விளைச்சலின் சுவை தெரியாமல் போவது பெரிய இழப்பு. சோசலிசத்தின் பேரில் நடந்த பல ஏற்பாடுகளில் இதுதான் நான் மன்னிக்காத இடம்.

1990களின் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996இல் இந்தக் கட்டாய ஏற்பாட்டை முழுக்க எடுத்துவிட்டார்கள். 1994இல் பிரேசிலில் பனி விழுந்து செடிகள் கருகியதில் உலக விலை ஏறியிருந்த நேரம். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்புறம் வந்தது வியட்நாம். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் அந்த நாடு 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, ரொபஸ்டா வகைக் காபியை நட்டு நட்டு, 2000 வாக்கில் பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. ஏற்றுமதிக் கோட்டா வைத்து விலையைத் தாங்கிய சர்வதேச ஒப்பந்தமும் 1989லேயே உடைந்திருந்தது. 2001, 2002இல் விலை அதலபாதாளத்தில். வியட்நாம் விவசாயியின் வறுமையைக் குறைத்த அதே சந்தை, நாகலூர் களத்தில் விலையை நொறுக்கியது. இரண்டும் உண்மை. சந்தையை ஆதரிப்பவர்கள் முதல் பாதியையும், எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியையும் மட்டும் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் வியாபாரி சொன்ன விலையைக் கேட்டதும் பெரியப்பா, "அப்புறம் பாக்கலாம்" என்று மூட்டைகளை வீட்டுக்குள் தூக்கி வைத்தார். உள்ளே ரேஷன் அரிசி மூட்டை இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் காபி மூட்டையையும் அடுக்கினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டார். அவர் வீட்டிலும் ரேஷன் அரிசி உண்டு. ஆனால் பூ பூத்த சமயத்திலேயே அதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். ஒரே மலை, ஒரே காபி, ஒரே திறந்த சந்தை. வேண்டாம் என்று சொல்ல ஒருவரால் முடிந்தது, இன்னொருவரால் முடியவில்லை. எனக்கு இந்த விவாதமே அந்தச் சாயங்காலத்தில்தான் விளங்கியது. விற்க மறுக்கும் தெம்பு இருப்பவனுக்குத்தான் சந்தை சுதந்திரம். அந்தத் தெம்பில் பாதி ரேஷன் கடையிலிருந்து வந்தது.

ரேஷனில் தமிழ்நாடு செய்தது சாதாரணக் காரியம் இல்லை. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று அட்டைகளைப் பிரித்தது. இங்கே அப்படிப் பிரிக்கவில்லை. 2011இலிருந்து அரிசி இலவசம். வசதியானவனுக்கும் எதற்கு என்று கேட்பார்கள். கோடு போட்டுப் பிரித்தால் அந்தக் கோட்டை யார் போடுவது? கிராமத்தில் அது யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியும். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு எல்லாம் இந்த வரிசைதான். சாப்பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை, சோசலிசம்தான் வேண்டும்.

வேலை விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர் இரும்பாலையைப் பாருங்கள். 1967இல் முதல்வர் அண்ணா 'எழுச்சி நாள்' நடத்திக் கேட்ட ஆலை அது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்கியது 1981இல். பக்கத்துக் கஞ்சமலையின் இரும்பை நம்பிக் கேட்ட ஆலை, வெளியிலிருந்து வந்த எவர்சில்வர் தகட்டை உருட்டும் ஆலையாகத்தான் தொடங்கியது. சொந்தமாக எஃகு உருக்க 2010 ஆனது. இடையில் நஷ்டம், 2019இல் விற்பனை அறிவிப்பு, தொழிலாளர் போராட்டம். அரசு முதலாளியானால் ஒவ்வொரு முடிவும் டெல்லிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். ஆனாலும் விற்றுவிடு என்று என்னால் சொல்ல முடியாது. பொதுத்துறையில் இடஒதுக்கீடு உண்டு, தனியாரிடம் கிடையாது. என்னோடு படித்த ஒருவன் வீட்டில் முதல் மாதச் சம்பளம் என்பதே இரும்பாலையிலிருந்துதான் வந்தது. நஷ்டக் கணக்கு எழுதும்போது அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மூன்றாவது வழியாகக் கூட்டுறவைச் சொல்வார்கள். சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஜவ்வரிசி மூட்டைகள் அங்கே வந்து, மாதிரி சோதித்து, டெண்டரில் விலை போகும். தரகரின் பிடியிலிருந்து ஆலைக்காரர்களைக் காப்பாற்றிய நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆலைக்காரர்களின் சங்கம். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றுகிற விவசாயி அதற்கு வெளியேதான் நிற்கிறார். கிழங்கில் மாவு எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் அவருக்கு விலை, அந்தப் பாயின்ட்டைப் பார்ப்பதும் ஆலையில்தான். கூட்டுறவு என்றதும் நான் முதலில் கேட்பது, உறுப்பினர் யார் என்பதைத்தான். 1957, 58இல் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு அங்கே வேலை செய்தவர்களே சங்கம் வைத்து எடுத்து நடத்தினார்கள். காபி ஊற்றிக் கொடுத்தவரே உறுப்பினர். அப்படிப்பட்ட சங்கம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பேன்.

சரி, மலைக்கு என்ன வேண்டும்? வாரியத்தின் கட்டாயக் குவியல் திரும்ப வேண்டாம். பெரியப்பாவே வேண்டாம் என்கிறார். இப்போது அவர் பழத்தைத் தரம் பிரித்துப் பறிக்கிறார், நல்லதற்குத் தனி விலை கேட்கிறார். ரேஷன் கடையில் ஒரு கைப்பிடி குறையக் கூடாது. இது இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஓட்டை, வியாபாரியிடம் வாங்கும் அந்த முன்பணம். மலைவாழ் மக்களுக்கென்று லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கி கூலி கொடுக்க வேண்டிய நாளில் அவற்றின் கடன் கையில் இருக்க வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் கிடைக்கும் கடனால் வியாபாரிக்குத்தான் லாபம்.

போன முறை நாகலூர் போனபோது பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டேன், இந்த வருஷம் முன்பணம் வாங்கினீர்களா என்று. "வாங்கிட்டேன் தம்பி" என்றார். செடியில் அப்போதுதான் பூ விட்டிருந்தது.