ஊட்டிக் குளிரில் இதயத்துடிப்புக் கருவி: மூன்றாண்டு அனுபவம்

ஜனவரி மாதம் காலை ஆறரை மணிக்கு நெஞ்சில் பச்சைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர் முதலில் பயந்தார். பிறகு சிரித்தார். இப்போது அவரே ஒரு தம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார். இந்த நிலைக்கு வர ஒன்றரை வருடமும் இரண்டு கருவிகளும் ஆயின.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயது 47. மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடியாத அளவுக்குப் போகக் கூடாது என்றார். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இது எளிது. இங்கே வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். மேல் கோடப்பமந்துப் பக்கம் ஏறத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு போய்விடுகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதனால்தான் துடிப்பை அளந்து நடக்கலாம் என்று தோன்றியது.

முதலில் வந்தது தம்பி வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது அது சொல்லும் 72, 74 எல்லாம் சரியாகவே இருந்தது. ஏற்றத்தில் மட்டும் ஒரு விசித்திரம். இதயம் வாய்க்கு வந்துவிடும்போல் அடிக்கும், கடிகாரமோ 112 என்று சாவகாசமாகக் காட்டும். வாரக்கணக்கில் அதை நம்பி, என் இதயத்தைப் பற்றிப் பெருமைகூடப்பட்டேன்.

புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் குட்டு உடைந்தது. டீக்கடை வாசலில் நின்று, மஃப்ளரைத் தளர்த்திக் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து விநாடியில் 36 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 144. மணிக்கட்டில் அப்போதும் 110. "என்னம்மா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கடைக்கார அண்ணன் பதறினார். நாடி பார்க்கிறேன் என்றேன். நம்பவில்லை. டீயில் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் அதே ஏற்றத்தில் என் காலடிகளை எண்ணினேன். நிமிடத்துக்கு 112. கடிகாரம் அத்தனை நாளும் இதயத்தை எண்ணவில்லை, என் நடையை எண்ணிக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கின் ஒளியை இரத்தம் உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி நாளங்களில் இரத்தம் பெருகி வடியும்போது திரும்பி வரும் ஒளி குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி எண்ணுகிறது. குளிரில் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள, கை கால்களின் தோலடி நாளங்களைச் சுருக்கிவிடும். பார்க்க இரத்த ஓட்டம் இல்லாத கருவிக்குக் கை வீசும் தாளம்தான் மிச்சம். அதையே துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. சூடான டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என் கடிகாரத்துக்குப் புத்தி தெளிந்துவிடும். ஆனால் உட்கார்ந்த பிறகு அளந்து என்ன செய்வது?

அடுத்து மார்புப் பட்டை. இது ஒளியை நம்புவதில்லை. இ.சி.ஜி. எடுப்பதுபோல இதயத்தின் மின்துடிப்பைத் தோலின் மேலிருந்தே பிடிக்கிறது. பிறந்த ஊரும் பொருத்தமானது. கம்பியில்லாத முதல் கருவியை 1982-இல் கொண்டுவந்தது ஃபின்லாந்தின் போலார் நிறுவனம். பனிச்சறுக்கு வீரர்கள் நிறைந்த அந்த நாட்டுக் குளிருக்கு முன்னால் நம் ஊட்டிக் குளிர் எம்மாத்திரம்?

ஆனாலும் பட்டைக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. உட்புறம் ரப்பர்போல் இருக்கும் இரண்டு இடங்களையும் நனைக்காமல் கட்டினால் வியர்வை வரும்வரை அது வாயில் வந்ததைச் சொல்லும். ஒருநாள் கேட்டைத் தாண்டுவதற்குள் 203 காட்டியது. வறண்ட குளிரில் செயற்கை இழை பனியன் உரசும்போது உண்டாகும் நிலைமின்சாரமும் அதில் சேர்ந்துகொள்ளும். வெந்நீரும் பருத்தி உள்சட்டையும் வந்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. கடைக்காரர்கள் சொல்லாத ஒன்றைப் பெண்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பட்டை உள்ளாடையின் அடிவிளிம்புக்குக் கீழே, தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். விளிம்பு அதன்மேல் ஏறினால் அரை மணியில் அரிப்பு, ஒரு மணியில் சிவந்த கோடு. எனக்கு நடுத்தர அளவு சொன்னார்கள். அது தளர்ந்து இறங்கியதால் சிறியதை வாங்கியதும் சரியாகிவிட்டது.

மின்கலத்தில் நான் பட்டது தனிக் கதை. துடிப்பை எண்ணும் சென்சார் பட்டையின் முன்புறம் மாட்டும் சிறு வில்லை. ஈரப் பட்டையில் அதைக் கழற்றாமல் விட்டால், இன்னும் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி அது இரவெல்லாம் விழித்திருக்கும். முதல் மின்கலம் இரண்டே மாதத்தில் தீர்ந்தது. அவசரத்தில் வாங்கி வந்த காசு மின்கலத்தைப் போட்டால் மூடி திருகவே இல்லை. என் சென்சாருக்கு வேண்டியது 2025 என்று எண் போட்டது, கடையில் கொடுத்தது 2032. முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். பின்னிரண்டு இலக்கம் கனம், ஒன்று 2.5 மில்லிமீட்டர், மற்றொன்று 3.2. இப்போதெல்லாம் நடந்து வந்ததும் சென்சாரைக் கழற்றிப் பட்டையை அலசிவிடுகிறேன். ஒரு மின்கலம் ஒரு வருடம் தாண்டுகிறது.

சரியான எண் கிடைத்த பிறகுதான் என் ஏற்றத்தின் லட்சணம் தெரிந்தது. 220-இல் வயதைக் கழிக்கும் பழைய கணக்குப்படி அப்போது என் உச்சத் துடிப்பு 173. வயதில் 0.7 பங்கை 208-இலிருந்து கழிக்கும் 2001-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 175. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்பின் இருக்கும், ஆகையால் இரண்டில் எது என்று சண்டை போட வேண்டாம். மிதமான உழைப்பென்றால் எனக்கு ஏறக்குறைய 112-க்கும் 133-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நானோ 150-ஐத் தொட்டுக்கொண்டு, பாதியில் களைத்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்தேன். வழக்கமாக என்னைத் தாண்டிப் போகாத பள்ளிப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். போகட்டும். முன்பு இருபது நிமிடத்தில் திரும்பியவள் இப்போது ஐம்பது நிமிடம் நடக்கிறேன்.

மே மாதம் கோவையில் தங்கை வீட்டில் ஒரு வாரம். ரேஸ்கோர்ஸ் சாலை பலகைபோல் சமம், துடிப்பு 105-ஐத் தாண்டாது என்று நினைத்தேன். ஏழரை மணி வெயிலில் 128. ஏற்றம் செய்கிற வேலையைச் சூடும் செய்துவிடுகிறது.

எதிர் வீட்டு அக்காவுக்கு இந்த எண்கள் ஒத்துவரவில்லை. இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 100-க்குக் கீழேதான். இன்னும் வேகம் கூட்ட வேண்டுமோ என்று கேட்டவரை டாக்டர்தான் தடுத்தார். கருவியை எடுத்து வையுங்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றாராம். அக்காவுக்குப் பேச்சில் குறையே இல்லை.

போன வருடம் மூன்றாவதாக ஒரு கைப்பட்டை வாங்கினேன். இதுவும் பச்சை விளக்குதான். ஆனால் முழங்கைக்கு மேலே, ஸ்வெட்டருக்குள் கதகதப்பாக இருக்கிறது. அங்கே சதை அதிகம், மணிக்கட்டின் அசைவும் இல்லை. மார்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டிப் பார்த்ததில் சீரான நடையில் இரண்டு மூன்று துடிப்புதான் வித்தியாசம். திடீர் ஏற்றத்தில் மட்டும் சில விநாடி பின்தங்குகிறது. நனைக்கும் வேலை இல்லை, சார்ஜ் போட மறக்காமல் இருந்தால் போதும். மலையில் புதிதாக வாங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இரவு தூக்கத்தில் துடிப்பு பார்க்க வாட்ச் போதும்.

நான் மட்டும் இன்னும் மார்புப் பட்டையை விடவில்லை. ஜூலை மழையில் அலசிப் போட்டால் காய இரண்டு நாளாகிறது என்பதால், சென்சார் ஒன்றுக்குப் பட்டை இரண்டாக வைத்திருக்கிறேன். முதல் பட்டை பதினான்கு மாதத்தில் எலாஸ்டிக் தொய்ந்து போனது. துணிப்பட்டையை மட்டும் தனியாக விற்கிறார்கள். முழுக் கருவியையும் மறுபடி வாங்கிவிடாதீர்கள்.