அவசரப் பையை வெறும் பையாகவே வாங்கலாம்

மலேசியாவின் லங்காவித் தீவில் நிறுத்தி வைத்திருக்கும் எங்கள் 34 அடிப் பாய்மரப் படகுக்காகச் சென்ற ஆண்டு ஓர் அவசரப் பை வாங்கினோம். படகு இனித் தாங்காது என்று தெரிந்து உயிர்காப்பு மிதவைக்கு மாறும் அந்தச் சில நிமிடங்களில், வேறு எதையும் தேடாமல் கையோடு தூக்கிச் செல்வதற்கான பை அது. நிறம் பளிச்சென்ற மஞ்சள். மஞ்சள் பை என்றதும் கல்யாண வீட்டுத் தேங்காயும் வெற்றிலையும் நினைவுக்கு வந்ததாக என் மனைவி சொன்னாள். கடலில் தொலைவிலிருந்தும் கண்ணில் படும் நிறம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஏறத்தாழ இதே பொருள்களை இதே போன்ற பையில் நிரப்பிப் பலரும் விற்கிறார்கள்.

முதலில் பையைப் பற்றி. கொள்ளளவு 30 லிட்டர். உள்சுவரில் நுரைப்பலகை தைத்திருப்பதால் நிரப்பிய பிறகும் மிதக்க வேண்டும் என்பது விற்பவரின் வாக்குறுதி. அதை அப்படியே நம்பாமல், 11 கிலோ எடைக்குப் பொருள்களை அடைத்துப் படகுத்துறையிலேயே தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். பை மிதந்தது, கனமான பொருள்கள் இருந்த மூலை மட்டும் அமிழ்ந்து, கைப்பிடி தண்ணீருக்கு மேலே நின்றது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது அடியில் ஒரு டம்ளர் அளவுக்கு நீர் சேர்ந்திருந்தது. இது நீர்புகாப் பை என்று விற்கப்படவில்லை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நனையக் கூடாத கடவுச்சீட்டு, மாத்திரை, மின்கலம் ஆகியவற்றை உள்ளே தனித்தனி நீர்புகா உறைகளில் வைத்தே தீர வேண்டும். ஜிப்பின் இழுவை சிறியது. ஈரக் கையில் வழுக்கியது. ஒரு சாண் கயிற்றை அதில் முடிந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

என் மனக்குறை எல்லாம் பைக்குள் அவர்களே நிரப்பித் தந்த பொருள்களின் மீதுதான். நிரப்பிய பைக்கு வெறும் பையைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்தோம். மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கைகளும் தேவைப்பட்டன. டார்ச் விளக்கை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது மின்கலம் கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. எல்லாவற்றையும் விட மோசமானது மீன்பிடிச் சாமான்தான்: ஐந்தாறு தூண்டில் முட்கள், முனைக்கு எந்த மறைப்பும் இன்றி, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் கிடந்தன. காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்துகொண்டு அந்த உறையைக் கிழிப்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் மிதவை எதிலும் ஏறிப் பார்த்தவர் அல்லர் என்று தெரிந்துவிடும். முட்களின் முனைகளைத் தக்கையில் குத்திச் சிறு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே பையைத் தலைகீழாகக் கொட்டி, நாங்களே மீண்டும் நிரப்பினோம். முதல் இடம், செயற்கைக்கோள் வழியே கரைக்கு அபாயச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பிக்கு. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கண்காணிப்பது 2009 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது அது அருகில் வந்துவிட்ட மீட்புக் குழு திசை அறிவதற்கு மட்டுமே பயன்படுகிறது. இந்த ஒலிபரப்பியில் இரண்டு வகை: படகுக்கான ஈபிர்ப் (EPIRB) குறைந்தது 48 மணி நேரமும், உடம்பில் மாட்டிக்கொள்ளும் பிஎல்பி (PLB) குறைந்தது 24 மணி நேரமும் சமிக்ஞை அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்கள் ஈபிர்ப் படிக்கட்டின் அருகே அதற்குரிய தாங்கியில் இருக்கிறது. பையில் இருப்பது பிஎல்பி. இரண்டையும் உரிமையாளர் பெயரில் பதிவு செய்யாமல் வைத்திருந்தால், சமிக்ஞை போய்ச் சேர்ந்தாலும் அது யாருடையது, எந்தப் படகு, எத்தனை பேர் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது, அருகில் உள்ள கப்பல்களோடு பேச உதவும் கையடக்க விஎச்எஃப் (VHF) வானொலி. மிதவையில் அதன் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும் என்பதால் சில கடல் மைல்களுக்கு மேல் எட்டாது. ஆயினும் மலாக்கா நீரிணையில் எந்நேரமும் ஏதாவது ஒரு கப்பல் போய்க்கொண்டிருப்பதால், அபாய அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் பேசக்கூடிய அந்தச் சிறு கருவியை நான் விலையுயர்ந்த பல சாமான்களுக்கு மேலாக மதிக்கிறேன். அந்தமானுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இந்தியாவில் அரசின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். பையில் அதை வைத்திருந்தால் பயணத்துக்கு முன்பே அனுமதி பற்றி விசாரித்துவிடுவது நல்லது.

தீச்சமிக்ஞைகளில் பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் சென்று 40 விநாடி எரியும். கையில் பிடிக்கும் சிவப்புச் சுடர் ஒரு நிமிடம் எரியும். ஆரஞ்சுப் புகைக் குப்பி 3 நிமிடம் புகையும். கைச்சுடரிலிருந்து கொதிக்கும் துளிகள் விழும் என்பதால், காற்று போகும் பக்கமாக மிதவைக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கென்றே பழைய வெல்டிங் கையுறை ஒன்றைப் பையில் போட்டிருக்கிறேன். கருவி வாங்கும் ஆர்வத்தில் பலர் மறந்துவிடும் பொருள் கடல்மயக்க மாத்திரை. பாய்மரப் படகில் ஒருபோதும் வாந்தி எடுக்காதவரும் மிதவையின் குலுக்கலில் எடுப்பார்; வாந்தியோடு உடம்பின் நீரும் போய்விடும். மாத்திரையை மிதவையில் ஏறிய உடனேயே விழுங்க வேண்டும். ஆகவே ஜிப்பைத் திறந்ததும் கையில் படுவது அதுவாகவே இருக்கட்டும்.

குடிநீரை 125 மில்லி உறைகளாக வைத்திருக்கிறோம். கையால் இயக்கும் கடல்நீர் சுத்திகரிப்பான் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தரும். பெருங்கடலைக் கடப்பவர்களுக்கு அந்தச் செலவு தகும். லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் இடையே போய்வரும் எங்களுக்கு அது மிகை. 1982இல் அட்லாண்டிக்கில் படகு மூழ்கியபோது, நீர் நிறைந்த உள்ளறைக்குள் மீண்டும் இறங்கித் தன் அவசரப் பையை இழுத்தெடுத்த ஸ்டீவன் கலாஹன், சூரிய வெப்பத்தால் கடல்நீரை வடிக்கும் கருவிகளின் துணையோடு மிதவையில் 76 நாள் உயிர் தாங்கினார்.

பையை எங்கே வைப்பது என்பதில்தான் நாங்களும் தவறினோம். 2018 செப்டம்பர் 21 அன்று, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியின்போது, இந்திய மாலுமி அபிலாஷ் டோமியின் படகு புயலில் கவிழ்ந்து பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகில் பலத்த காயம். மாற்றுச் செயற்கைக்கோள் தொலைபேசியும் கையடக்க வானொலியும் அவசரப் பையில் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் அசைய முடியாமல் படுத்திருந்த அவருக்கு அந்தப் பை எட்டவில்லை. குறுஞ்செய்திக் கருவி ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்ததால் வெளியுலகத் தொடர்பு அறுந்துபோகவில்லை. மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பலான ஒசிரிஸ் அவரை மீட்டது.

இதைப் படித்த பிறகு என் வலக்கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டச் சொல்லி, சுக்கான் பிடிக்கும் இடமான காக்பிட்டின் இருக்கைக்கு அடியில் இருந்த பையை இடக்கையால் மட்டும் எடுக்க முயன்றேன். மூடியைத் தூக்கிப் பிடித்தால் பையை எடுக்கக் கையில்லை. பையைப் பிடித்தால் மூடி மணிக்கட்டில் விழுந்தது. மூன்றாம் முறை தோளால் முட்டுக்கொடுத்து வெளியே இழுத்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன் வந்து அடிக்கும் ‘சுமத்ரா’ சூறைக்காற்றின் இருளில், மிதந்து வரும் மரக்கட்டை ஒன்று படகின் அடியை உடைத்தால், அந்த நான்கு நிமிடம் நமக்குக் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இப்போது பை உள்ளறைப் படிக்கட்டின் வலப்பக்கச் சுவரில், ஒற்றை இழுப்பில் கழலும் கொக்கியில் தொங்குகிறது. இரண்டு மீட்டர் கயிறு ஒன்றும் அதில் உண்டு, மிதவையோடு பிணைப்பதற்காக. பைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். அதனோடு வந்த பொருள்களுக்கு ஒன்றரை. கையுறையையும் தக்கையையும் எந்தக் கடையும் சேர்த்துக் கொடுக்கவில்லை.